பத்துக்கு ஏழு

பின்னறையின் நீளத்தில் ஓர் அங்குலம் குறைந்தது.

டுவைட் ஹென்கல் அளவு நாடாவை உள்ளே ஓடவிட்டு மறுபடியும் இழுத்தான். சுவரோரம் முட்டி போட்டு, கொக்கியை அடிப்பலகையில் பதித்து, கட்டிலுக்கடியில் தவழ்ந்துபோய் எதிர்ச்சுவரில் படித்தான். ஒன்பதடி பதினோரு அங்குலம். மூன்றாம் முறையும் அதேதான். தரையில் இருந்தவை அடிக்கு அடி சதுரமான பழைய பழுப்பு ஓடுகள். எண்ணினால் சுவருக்குச் சுவர் சரியாகப் பத்து இருந்தன. எதையும் யாரும் வெட்டவில்லை, எதுவும் சுவருக்கடியில் நுழையவும் இல்லை.

ப்ரேரி ஃபோர்க் நகராட்சியில் வாடகை வீடுகளைச் சோதிக்க இருந்தது அவன் ஒருவன்தான். ஆயிரத்துச் சொச்சம் வீடு, ஒரு பழைய வண்டி, ஒரு படிவக் கட்டு. மூன்று வருடத்துக்கு முன் இதே அறையை அவனே அளந்து பத்துக்கு ஏழு என்று எழுதியிருந்தான். விதிப்படி ஒரு படுக்கையறை எழுபது சதுர அடியாவது இருக்க வேண்டும். ஒரு விரல் குறைந்தாலும் அதில் ஆள் படுக்கக்கூடாது.

இந்த அறையில் ஆள் படுத்திருந்தார். ஆர்வின் டாட்டிலுக்கு எண்பத்தோரு வயது. ஒரு காலத்தில் இறைச்சி ஆலையில் தோளுக்கொரு பாதிப் பன்றியைச் சுமந்தவர். டுவைட் சின்னப் பையனாக இருந்தபோது கோடைச் சந்தையின் கயிறு இழுக்கும் போட்டியில் கடைசி ஆளாகக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றது அவர்தான். எதிரணி பத்துப் பேரும் மண்ணைக் கவ்வுவார்கள். இப்போது மூக்கில் குழாயோடு கிடந்தார். மூச்சுக் கருவியின் சீரான பெருமூச்சும், அடித்தளத்தில் வீட்டைச் சூடாக்கும் அடுப்பிலிருந்து ஏறிவரும் கருகிய தூசியின் வாடையும், சமையலறையில் பன்றித்தொடை எலும்போடு கொதிக்கும் பட்டாணிச் சூப்பின் மணமும், ஜன்னலில் உறைந்த பனிக்குள்ளே வழிதெரியாமல் தேங்கிய ஜனவரி வெளிச்சமும் அந்த அறையை நிறைத்திருந்தன.

"என்ன தம்பி, தரையில தங்கம் தேடுறியா? கெடச்சா பாதி எனக்கு" என்றார் கிழவர்.

அவருடைய மகள் மார்லிஸ் டுவைட்டைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஐம்பது வயது, நல்ல உயரம், அப்பனைப் போலவே அகன்ற தோள்.

"சார், சிவப்பு ஒட்டிடாதீங்க."

கதவில் சிவப்புத் தாள் ஒட்டினால் வீடு மனிதர் வாழத் தகாதது. இரண்டு நாளில் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரர் அரிசோனாவில் வெயில் காய்ந்துகொண்டிருப்பார். பனியில் நிற்பது குடியிருப்பவர்கள்தான்.

"வெளியில எப்படிக் குளிருதுன்னு பாத்தீங்கல்ல. முதியோர் இல்லத்துல ஏப்ரல் வரைக்கும் இடமில்லைங்கிறாங்க. அப்பாவைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்? ஒரு அங்குலம் சார். நாடா தொங்கியிருக்கும்."

நாடா தொங்கினால் அளவு கூடுமே தவிரக் குறையாது. அது டுவைட்டுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினான். பத்துக்கு ஏழு, தேறியது, கையெழுத்து. அதோடு விட்டானா? மனசு கேட்காமல் நகராட்சி முத்திரை போட்ட தன் நாடாவையே அவளிடம் கொடுத்தான்.

"அந்த ரூம்லயே மாட்டி வைங்க. தினம் ஒரு தடவை அளந்து பாருங்க. ஒரு நூல் குறைஞ்சாலும் எனக்குப் போன் பண்ணுங்க."

போகும்போது கிழவர் கை கொடுத்தார். விரல் நொறுங்குகிற பிடி. வலித்தது, வலித்தது நிம்மதியாகவும் இருந்தது.

போன் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அவனே கூப்பிட்டான்.

"பத்துக்கு ஏழு சார். நேத்தும் பத்து, இன்னைக்கும் பத்து" என்றாள். குரல் மட்டும் கொஞ்சம் கீச்சென்று இருந்தது. சளியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

நினைத்துக்கொண்டானே தவிர நம்ப முடியவில்லை. அந்தக் கையெழுத்து அவன் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. அந்த இரண்டு பேருக்கும் ஏதாவது ஆனால் தான்தான் காரணம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. புது நாடா ஒன்று வாங்கிக்கொண்டு, புகை எச்சரிக்கை மணியைப் பார்க்கவேண்டும் என்று சாக்குச் சொல்லி, காலை பத்து மணிக்குப் போய் நின்றான். வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றி வண்டியிலேயே வைத்துவிட்டுப் போனான்.

பின்னறைக்குள் நுழையும்போது நெற்றி நிலையில் இடித்தது. இதற்குமுன் இடித்ததில்லை.

உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. பத்து ஓடு, அதே கட்டில், அதே போர்வை, ஆணியில் தொங்கும் நாடா. புது நாடாவை இழுத்தான். ஒன்பதடி ஓர் அங்குலம். ஆணியில் தொங்கியதை எடுத்து இழுத்தான். அன்று பார்த்த அதே ஒன்பதடி பதினோரு அங்குலம்; அதைத்தான் அவள் பத்து என்று சொல்லிவந்திருக்கிறாள். இரண்டையும் தரையில் அருகருகே வைத்தான். பழைய நாடாவின் பன்னிரண்டாவது கோடு புது நாடாவின் பதினோராவது கோட்டுக்கு எதிரே வந்து நின்றது. எண்கள் அழியவில்லை. மஞ்சள் பூச்சு உரியவில்லை. நகராட்சி முத்திரைகூட இருந்தது, கொஞ்சம் சின்னதாக.

சுருங்கியது அறை மட்டும் இல்லை. அறையில் இருந்ததெல்லாம் அதோடு சேர்ந்து சுருங்கிக்கொண்டிருந்தது.

"வா தம்பி" என்று கிழவர் கையை நீட்டினார். டுவைட்டின் உள்ளங்கைக்குள் அது முழுசாக அடங்கிப் போனது. கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். வலிக்கவே இல்லை.

"கை ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு? உப்பைக் கொறைடா" என்று சிரித்தார்.

டுவைட் மார்லிஸிடம் திரும்பினான். போன தடவை அவள் கண்ணுக்கு நேராக இருந்தது அவன் கண். இப்போது அவள் உச்சி வகிடு தெரிந்தது.

"இன்னைக்கே கிளம்பணும். ரெண்டு பேரும். என் வீட்டுல இடம் இருக்கு."

"எதுக்கு சார்?"

"இந்த ரெண்டு நாடாவையும் பாருங்க."

அவள் பார்த்தாள். "புதுசுல எதுதான் சார் சரியா இருக்கு? என்கிட்ட இருக்கறது நீங்க குடுத்தது, முத்திரை போட்டது. தேறுச்சுன்னு எழுதினதும் நீங்கதான். இப்ப வந்து எங்களைத் தெருவுல நிறுத்தப் பாக்குறீங்களா?"

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். தேறியது என்று எழுதிய வீட்டில் சிவப்புத் தாள் ஒட்ட நகர மன்றம் சம்மதிக்க வேண்டும். மார்லிஸ் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும்; அவன் அலுவலகம் திரும்புவதற்குள் வீட்டுக்காரரின் ஆட்சேபம் வந்து சேர்ந்திருந்தது.

மன்றம் செவ்வாய் மாலை கூடியது. அன்று வாடகை வீட்டுச் சோதனைச் சட்டத்தின் மூன்றாம் வாசிப்பும் இருந்தது. முதல் வாசிப்பில் வருடம் ஒரு சோதனை என்றிருந்தது, இரண்டாவதில் முன்னறிவிப்போடு மூன்று வருடத்துக்கு ஒன்றானது. மூன்றாவதில் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகியிருந்தது. வீட்டுக்காரரே தன் வீடு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும், குடியிருப்பவர் கூப்பிடாமல் சோதனையாளர் வாசற்படி ஏறக்கூடாது.

காபியும் ஈரக் கோட்டுகளும் மணக்கும் அந்தக் கூடத்தில் டுவைட் தொப்பியை அணிந்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பத்து வருடமாகப் போடும் தொப்பி. புருவம்வரை இறங்கி இறங்கி வந்தது. இந்தக் குளிர்காலத்தில் அந்த அறையில் அவன் இருந்தது இரண்டு தடவை, மொத்தமாக ஒரு மணி நேரம் இருக்கும். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து அமுக்கிக்கொண்டான்.

அவன் முறை வந்தபோது எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். மேயர் லிண்ட் நல்ல மனிதர், ஊரின் பல் வைத்தியர். பொறுமையாகக் கேட்டார்.

"சுவர்ல விரிசல் இருக்கா டுவைட்?"

"இல்லைங்க."

"அஸ்திவாரம் எறங்கியிருக்கா? ஈரம்? கரையான்?"

"எதுவும் இல்லைங்க. ரூம் சின்னதாகுது. உள்ள இருக்கறவங்களும்தான்."

"சரி. எந்தப் பிரிவுல எழுதச் சொல்றே?"

அப்படி ஒரு பிரிவு இல்லை. மேயர் பொதுமக்கள் பேசலாம் என்றார், ஆளுக்கு மூன்று நிமிடம்.

மார்லிஸ் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். காலடிச் சத்தம் சின்னதாக இருந்தது. பேச்சு மேசைக்குப் பின்னால் போனவள் காணாமல் போனாள். மன்றச் செயலாளர் எழுந்து போய் ஒலிவாங்கியை வளைத்துத் தாழ்த்தினார். போதவில்லை. இன்னும் தாழ்த்தினார். அப்புறம் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவள் முகவாய் மேசை விளிம்புக்கு மேலே வந்தது.

"மூணு நிமிஷம் வேண்டாங்க. தினம் நானே அளக்கிறேன். பத்துக்கு ஏழு. ஒரு நூல் குறையலை. எங்க அப்பாவை வெளியேத்திடாதீங்க."

டுவைட் சுற்றிலும் பார்த்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அது மரியாதையான ஊர். அடுத்தவர் உடம்பைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி குனிந்து தன் காலணியைப் பார்த்தாள். அப்புறம் கைதட்டினார்கள். தாள் ஒட்ட வேண்டாம் என்பதற்கும் புதுச் சட்டத்துக்கும் ஐந்து உறுப்பினர்களும் ஆம், ஆம் என்று சொல்லிக் கை கழுவினார்கள்.

வெளி நடையில் அவளைப் பிடித்துவிட்டான். முட்டி போட்டு உட்கார்ந்தான், முகம் பார்த்துப் பேச.

"மார்லிஸ், உங்களுக்குத் தெரியலையா?"

அவள் கண்ணில் நீர் முட்டியது. "தெரியுது சார். எல்லாரும் ஏன் இப்படி வளர்ந்துட்டீங்க? சமையல்கட்டுல அலமாரி எட்டலை. கதவுப் பிடி எட்டலை. அப்பா ரூம்ல இருந்தாத்தான் எல்லாம் சரியா இருக்கு. நானும் அங்கயே கட்டிலைப் போட்டுக்கப் போறேன்."

ஊர்த் தேவாலயம் அனுப்பிய வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது.

அன்றிரவு தொடங்கிய பனிப்புயல் நான்கு நாள் அடித்தது. டுவைட் காவல் அலுவலகத்துக்குப் போன் செய்தான். அவர்கள் மார்லிஸ் வீட்டுக்குப் போன் செய்து கேட்டார்கள். சௌக்கியமாக இருக்கிறார்களாம், குரல்தான் சரியாகக் கேட்கவில்லையாம். அடுத்த நாள் யாரும் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சாலை திறந்தது. அவன் போனான். அதிகாரம் இல்லை. சிவப்புத் தாள் இல்லை. இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு ஓடிவரலாம் என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

முன்கதவு பூட்டவில்லை. கூடம் அப்படியே இருந்தது. சமையலறையும் அதே அளவுதான். அடுப்பில் சூப்பு உறைந்து மேலே கொழுப்பு கட்டியிருந்தது. மூச்சுக் கருவியின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. கொசு பறப்பதுபோல.

நடைக்குப் போனான்.

பின்னறைக் கதவு அவன் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

அதே வெள்ளைக் கதவு. அதே பித்தளைப் பிடி, பட்டாணி அளவு. சுற்றிலும் வெறும் சுவர். விரிசல் இல்லை. ஈரம் இல்லை.

குப்புறப் படுத்தான். ஒரு விரலால் கதவைத் தள்ளினான். கண்ணை வைத்தான்.

வெளிச்சம். கட்டில் இரண்டு. போர்வை. கிழவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மார்லிஸ் தரையில் முட்டி போட்டு, நாடாவை இழுத்து, அளந்துகொண்டிருந்தாள். திரும்பினாள்.

அலறினாள்.

"பயப்படாதீங்க. நான்தான். டுவைட்."

அவன் மூச்சில் போர்வை பறந்தது. விளக்கு ஆடியது. கிழவர் காதைப் பொத்திக்கொண்டார். பொடியாக ஏதோ கூரையிலிருந்து உதிர்ந்தது. அவன் வாயை மூடிக்கொண்டு ஒரு விரலை மட்டும் உள்ளே விட்டான். கட்டிலை மெல்ல வெளியே இழுத்துவிடலாம் என்று.

கிழவர் குழாயைப் பிடுங்கி எறிந்தார். கட்டிலை விட்டு இறங்கினார். மகளுக்கு முன்னால் வந்து, காலை அகற்றி ஊன்றி, இரண்டு கையாலும் அந்த விரலைக் கட்டிப்பிடித்துத் தள்ளினார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. டுவைட்டுக்குத் தள்ளுவதே தெரியவில்லை.

விரலை எடுத்துக்கொண்டான். அழுதான். கதவு உள்ளிருந்து மூடியது. தாழ் விழுந்தது.

உடைக்கலாம். எதை உடைத்தாலும் அவர்கள் மேல்தான் விழும்.

படுத்தே கிடந்தான். கதவு சுருங்குவது கண்ணுக்கே தெரிந்தது. சாண் அளவு. விரல் அளவு. தீப்பெட்டி. நகம். கொசுச் சத்தம் நின்றுவிட்டது. ஒரு கடுகு வெளிச்சம் அடிப்பலகையோரம் நின்றது. அதன் மேல் காற்று படாமல் கையைக் குவித்துக்கொண்டான். மூச்சை அடக்கினான்.

வெளிச்சம் அணைந்தது.

எங்கே என்று தெரியவில்லை. சுட்டுவிரல் நுனியால் தடவினான். வழவழவென்று பெயிண்ட். அப்புறம் ஒரு மேடு, மணல் அளவு. அங்கே விரலை நிறுத்தினான்.

தட்டினார்கள்.

உள்ளிருந்து. விரல் தோலில் மட்டும் கேட்கிற தட்டு. ஒன்று, இரண்டு. அப்புறம் வேகமாக. இரண்டு பேரும் சேர்ந்து, திறக்கச் சொல்லி.

அழுத்தவும் பயம். எடுக்கவும் பயம். அவன் விரல் அந்தக் கதவின் மேல் கிடந்தது. தட்டிக்கொண்டே இருந்தார்கள்.