முனை மழுங்கிய கத்தரி

காலை எட்டு மணிக்கே வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. காரணம், சாப்பாட்டு மேஜை மேல் கிடந்த ஒரு கத்தரிக்கோல்.

"முனை மழுங்கினதைக் காசு கொடுத்து வாங்கிட்டு வந்திருக்காங்க பாரு! இத்தனை வருஷம் துணி வெட்டின தையல்காரிக்குக் கத்தரி பார்த்து வாங்கத் தெரியலையாம்!" என்று அண்ணியைச் சாடினாள் நாத்தனார்.

அண்ணியின் மகள் அன்று அவசர மருத்துவப் பயிற்சியில் சேருகிறாள். ஆம்புலன்ஸில் போகும் வேலை. சாமான்கள் வாங்க நாத்தனார் தன் சேமிப்பை அண்ணியிடம் கொடுத்திருந்தாள். அண்ணி வாங்கி வந்ததோ நான்கே பொருள்: வழுக்காத ஷூ, விநாடி முள் உள்ள கடிகாரம், சின்ன டார்ச், அந்தக் கத்தரி.

"எல்லாரும் பெரிய பை நிறைய வாங்கியிருக்காங்கம்மா... நான் மட்டும் வேடிக்கை பார்க்க வந்தவ மாதிரி கையை வீசிக்கிட்டுப் போகணுமா?" மகள் கத்தரியை ஒதுக்கித் தள்ளினாள்.

"மத்ததெல்லாம் வண்டியிலயே இருக்காம்டி. ஆம்புலன்ஸ் டிரைவர்கிட்டக் கேட்டுட்டுத்தான்..."

"அப்போ மிச்சப் பணம் எங்க அண்ணி? மிஷினுக்கு மோட்டார் வைக்கணும்னு புலம்பிக்கிட்டே இருந்தீங்களே... புரியுது, புரியுது!"

அண்ணியின் முகம் சுண்டிப்போனது. தையல் மிஷினை மிதித்து மிதித்தே வீங்கிய முழங்கால்... அதையா சொல்லிக்காட்டுகிறாள்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் திருடி என்று நினைத்தவளிடம் விளக்கம் சொல்ல நாக்கு எழவில்லை. போய் மிஷினில் உட்கார்ந்தாள்.

பத்து நாள் நாத்தனார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகளும்தான்.

பதினோராம் நாள் மதியம் மகள் அழுதுகொண்டே வந்தாள். "அத்தை! தடுப்பூசி மூணு தவணை போடணுமாம். திங்கட்கிழமைக்குள்ள முதல் ஊசி போடாதவங்களை வண்டியில ஏத்த மாட்டாங்களாம். நம்ம செலவுதானாம்... பை வாங்கினவங்கல்லாம் கையைப் பிசையறாங்க!"

மிஷின் சத்தம் நின்றது. அம்மா இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினாள். மேலே அவள் கையெழுத்து: 'ஊசி, மூன்று தவணை. தொடக்கூடாது.'

"ரத்தத்துல கை வைக்கிற வேலை. ஊசி போடாம அனுப்புவாங்களான்னு அந்த டிரைவர்கிட்ட அப்பவே கேட்டுக்கிட்டேன்."

மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அம்மா... இன்னிக்கு வகுப்புல ஆள் மாதிரி பொம்மைக்குப் போட்டிருந்த ஜீன்ஸை வெட்டச் சொன்னாங்க. கூர் முனை வெச்சிருந்தவங்க பொம்மையையே கிழிச்சிட்டாங்கம்மா! அடிபட்டவங்களைக் குத்தக் கூடாதுன்னுதான் முனை மழுங்கலா இருக்காம்..."

"தெரியும்டி. டிரைவர் கொடுத்த பழைய சீட் பெல்ட்டை வெட்டிப் பார்த்துட்டுத்தானே வாங்கினேன்."

நாத்தனார் அந்த உறையையே பார்த்தபடி நின்றாள். "என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி..."

"நீ எங்க கேட்டே? தீர்ப்புத்தானே சொன்னே!"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணி பாதியில் விட்ட தையலுக்குத் திரும்பினாள். சற்று நேரத்தில் பக்கத்தில் ஒரு முக்காலி இழுபடும் சத்தம்.

"நகருங்க அண்ணி... நீங்க துணியைப் பிடிங்க. நான் மிதிக்கிறேன்."

"கோணல்மாணலா மிதிச்சு ஊசியை உடைச்சிடாதே. அதுக்கு நான் உறை போட்டு வைக்கலை" என்றாள் அண்ணி.

மிதிகட்டையிலிருந்து காலை மெல்ல எடுத்து, இடம் விட்டாள்.