குடை பிடித்த காகா

அன்று பம்பாய் மாதுங்காவின் அந்த மாடியறையில் இருந்தவர்கள்: கார்ட்டூன் விளம்பரப் படம் எடுக்கும் முதலாளி பாட்கர், காயல்பட்டினத்திலிருந்து வந்த கேமராக்காரர் மன்சூர் அலி, சென்னையிலிருந்து வந்து பத்தே நாளான சித்திரக்காரன் சுந்தரராமன், நகலெடுத்த தாள்களைக் கொடுக்க வந்து மழையில் மாட்டிக்கொண்ட ருக்கு. 1947, ஜூலை.

குடைக் கம்பெனி விளம்பரம். மழையில் காகா வருகிறார், பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். மராட்டியில் காகா என்றால் சித்தப்பா. சுந்தரராமன் வரைந்திருந்தது, குடை பிடித்த ஒரு காக்கை.

ருக்கு சிரித்துவிட்டாள். அவன் திரும்பினான். பெரிய கண்கள்... கோபத்தில் இன்னும் பெரிதாக... பார்க்க நன்றாகத்தான் இருக்கிறான் என்று தோன்ற, அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"சிரிச்சது போறும். எனக்கு மராட்டி தெரியாது."

"எங்கூர்ல காக்கான்னா அண்ணன்," என்றார் மன்சூர் அலி. "நான் வரைஞ்சிருந்தா தாடி வச்சிருப்பேன்."

பாட்கர் தாளைக் கிழிக்கப் போனார். ருக்கு பிடுங்கிக்கொண்டாள்.

ஆறு வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "காகா ஆலே", சித்தப்பா வந்தாச்சு, என்று கத்தியதும், கைப்பிடிச் சோற்றோடு மொட்டைமாடிக்கு ஓடியவள் அவள். காக்கைக்கு வைக்க. தெருவே சிரித்தது. தெருவில் அவள் மதராசி. வீட்டில் பேச்சைக் கேட்டு மராட்டிக்காரி என்றார்கள். யாரிடமும் சொல்லாததை இப்போது பாட்கரிடம் மராட்டியில் மடமடவென்று சொன்னாள். சாயங்காலத்துக்குள் இந்தக் காக்கை தாளில் பறக்கும், பிடிக்காவிட்டால் அப்போது கிழியுங்கள் என்றாள். பாட்கர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"என் தப்பை நீங்க பூசி மெழுக வேண்டாம்," என்றான் சுந்தரராமன்.

"உங்க தப்பா? அது என் காக்கா. நீங்க இன்னிக்குத்தான் வரைஞ்சேள். நான் ஆறு வயசிலேயே அதுக்குச் சோறு எடுத்துண்டு ஓடியாச்சு."

அவன் மேஜையில் அவளுக்கு இடம் விட்டான்.

சிறகு அவன் வரைந்தான். தொப்பியும் மூக்குக் கண்ணாடியும் அவள். பதினாறு தாள். புரட்டியபோது காக்கை இறங்கி, குடையை மடக்கி, ஈரத்தை உதறி, பிள்ளைகளுக்குத் தொப்பியைக் கழற்றியது. பாட்கர் மூன்று முறை புரட்டினார்.

"காகாதான்," என்றார் மராட்டியில்.

ருக்கு நிமிர்ந்து நின்றாள். இரண்டு பாஷையும் தெரியாமல் இதை யாரும் வரைந்திருக்க முடியாது.

"நாளைலேர்ந்து இங்கேயே வாங்களேன்..." என்றான் சுந்தரராமன்.

"வேலைக்கா?"

"அதுக்குப் பாட்கர் கூப்பிடுவார். நான்..." அவன் காது சிவந்தது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

வெளியே மழை... அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"எனக்கும்தான். அப்பாகிட்ட வந்து கேளுங்கோ. தமிழ்லயே கேக்கலாம்."

"வழி விடுங்க ரெண்டு பேரும், இதைப் படம் பிடிக்கணும்," என்று மன்சூர் அலி பதினாறு தாள்களையும் எடுத்துக்கொண்டு கேமரா அறைக்குள் போனார். அவர் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து பூட்டும் சத்தம் கேட்டது.