மந்திரித்த அரிசி

குக்கரில் நாலு விசில் வந்தாகிவிட்டது. மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. சோறு பூவாக வெந்திருந்தது. வத்சலா ஒரு பருக்கையை விரலால் நசுக்கிக்கூடப் பார்த்தாள், நசுங்கியது. அப்படியும் தட்டில் போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து, முதல் வாயை எடுத்து வைத்தவுடன் பல்லுக்கடியில் நறுக்கென்றது.

"ஏங்க, சோறு வேகலையா?" என்று எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் ஸ்ரீநிவாசனைக் கேட்டாள்.

"குழைஞ்சே போச்சு. இதுல வேகலையாம்!" அவன் மோரை ஊற்றி அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டான். மறைமலை நகர் தொழிற்சாலையில் அவனுக்கு இரண்டாம் ஷிப்டு. "நாலு நாளா இதே பாட்டுதான் பாடறே. டாக்டர்தான் வெயில் சூடு, தண்ணி நிறையக் குடின்னு சொன்னாரில்ல?" என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டிக் கிளம்பிவிட்டான்.

தண்ணீரைக் குடித்துக் குடித்துத்தான் இந்த நாலு நாளை ஓட்டினாள். இட்லியானாலும் பழமானாலும் வாய்க்குள் போனதும் வேகாத அரிசியாகி, நாக்கில் ஒட்டி, தொண்டையில் இறங்க மாட்டேன் என்றது. ரவிக்கை தோளில் நிற்கவில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஏன் இப்படி என்று டாக்டருக்குத் தெரியாது, ஸ்ரீநிவாசனுக்கும் தெரியாது. வத்சலாவுக்குத் தெரியும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அது. முடிச்சூரில் வயலையெல்லாம் மனையாகப் பிரித்து, வீடுகள் ஒன்றிரண்டாக முளைத்துக்கொண்டிருந்த சமயம். ஏப்ரல் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால், பீரோவில் இருந்த ஒரு ஜோடி தங்க வளையலைக் காணோம். வீட்டுச் சாவி, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காகப் பாத்திரம் தேய்க்கும் கன்னியம்மாவிடம் இருந்தது. போதாதா? திருடி யாரென்று வத்சலா அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாள்.

போலீஸ் கீலீஸ் என்று போனால் அசிங்கம் என்று பெருங்களத்தூரிலிருந்து சம்பந்தம் என்ற மந்திரவாதியை வரவழைத்தாள். அரிசி மந்திரித்துக் கொடுப்பதில் அவன் பேர்போன ஆள். ஒரு பிடி அரிசியை வாயில் போட்டு மெல்ல வேண்டும். குற்றம் செய்யாதவள் என்றால் எச்சில் ஊறி அரிசி கூழாகும். திருடி என்றால் வாய் வறண்டு அப்படியே உதிரும். அரிசியை வத்சலாவே தன் வீட்டு டிரம்மிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். உச்சி வெயிலில், நடுத்தெருவில், சுற்றி இருபது பேர் நிற்க, கன்னியம்மா மென்றாள். நறநறவென்று மென்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, வாயில் வரவில்லை. ஐயோ, இருபது ஜோடிக் கண் முறைக்கும்போது எந்த மனுஷிக்கு எச்சில் ஊறும்? துப்பச் சொன்னபோது வெள்ளை வெளேரென்று உதிரியாக மண்ணில் விழுந்தது.

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்மா," என்றான் சம்பந்தம்.

"நான் எட்க்கல," என்றாள் கன்னியம்மா. மற்ற யாரையும் அவள் பார்க்கவில்லை, வத்சலாவை மட்டும் பார்த்தாள். "உன் வாயால 'நீ எட்க்கல'ன்னு சொல்ற வரிக்கும் ஒரு பருக்க சோறு என் வாயில படாதும்மா." நல்லா நடிக்கிறா என்றது தெரு. அன்றைக்கே எல்லா வீட்டிலும் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள், வண்டு வைத்துவிட்டதே என்று டிரம்மைக் கவிழ்த்து அரிசியைப் பாயில் கொட்டினாள் வத்சலா. அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் சரசரவென்று வந்து விழுந்தது. உள்ளே வளையல். கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று, ஆட்டோ வாசலில் நிற்க, பக்கத்துத் தெருவில் பீரோவை உடைத்தார்களாமே என்ற ஞாபகம் வந்து, ஓடிப்போய் அரிசிக்குள் புதைத்தவள் அவளேதான். திரும்பி வந்த அன்று ஸ்ரீநிவாசன் அதன் மேலேயே புது மூட்டையைக் கொட்டியிருந்தான். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடின கதைதான்.

அன்று சாயங்காலமே கன்னியம்மாவின் மகள் கங்கம்மா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எம்மா, பன்னண்டு நாளா வெறும் தண்ணி குட்ச்சிகினு கீதும்மா எங்கம்மா. எய்ந்து ஒக்கார முடியல. நீங்க ஒரே ஒரு வாட்டி வூட்டாண்ட வந்து, நீ எட்க்கலன்னு சொன்னா போதும். வேற ஒண்ணும் கேக்கல."

வளையல் அப்போது வத்சலாவின் இடுப்பில் செருகியிருந்தது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஊரைக் கூட்டி ஒருத்தியை அவமானப்படுத்திவிட்டு, அரிசி டிரம்மில் இருந்தது என்று எந்த முகத்தோடு சொல்வது?

"நான் என்ன பொய்யா சொன்னேன்? ஊரே பாத்துதே!" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் கன்னியம்மாவின் வீடு இருந்த ஏரிப் பக்கமிருந்து சாவுப் பறைச் சத்தம் கேட்டது. இது நடந்து இன்றைக்கு எட்டு நாள்.

ஸ்ரீநிவாசன் போனபின் கரண்ட் போயிற்று. மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி முனகி நின்றது. மே மாதத்து மத்தியானம், சுவரில் கைவைத்தால் சுட்டது, வெளியே ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. சமையலறையில் அடி பிடிக்காத சோற்றிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது, அதோடு பாத்திரம் தேய்க்கிற சாம்பலும் புளியும் கலந்த வாசனையும் வந்தது. வீட்டில் சாம்பல் தொட்டு மூன்று வாரம் ஆகிறது. அப்புறம்தான் அந்தச் சத்தம் தொடங்கியது, முதலில் எலி அட்டையைச் சுரண்டுவதுபோல் மெதுவாக, பிறகு நிதானமாக, ஒரே சீராக, பின்கட்டில் பாத்திரம் தேய்க்கும் இடத்திலிருந்து.

நற. நற. நற.

யாரோ அரிசி மெல்கிறார்கள். வத்சலா எட்டிப் பார்த்தாள். தேய்க்கும் கல் காய்ந்து கிடந்தது. கல்லுக்கு மேலே சுவரில் ஒரு நிழல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது. நிழலுக்குரிய ஆள் இல்லை. நிழலின் தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கதவைப் பிடித்துக்கொண்டாள். "கன்னியம்மா," என்றாள், குரல் கீச்சென்று வந்தது. "நீ எடுக்கல. டிரம்லதான் இருந்தது. நீ எடுக்கலடி தாயே."

சத்தம் நின்றது. நிழலும் இல்லை. வத்சலாவின் நாக்கடியில் குபுக்கென்று எச்சில் ஊறியது. ஓடிப்போய் குக்கரிலிருந்தே ஒரு பிடி சோற்றை அள்ளி வாயில் போட்டாள். வெந்த சோறு! தித்திப்பாக இருந்தது, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. தரையில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதாள். இரண்டாவது பிடியை வாயில் வைத்தாள்.

நறுக்.

அரிசி மெல்லும் அதே சத்தம் திரும்பவும் வந்தது. இந்த முறை பின்கட்டிலிருந்து இல்லை. வாசலில், கேட்டுக்கு வெளியே, கன்னியம்மாவை நிறுத்தி மெல்லச் சொன்ன அதே தெருவிலிருந்து.

வத்சலாவுக்குப் புரிந்தது. நாலு சுவருக்குள் முணுமுணுத்தால் எடுபடாது. பழி சொன்ன இடத்தில், பழி கேட்டவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் சோறு இறங்கும். சொல்லாவிட்டால் இன்னும் நாலு நாள் தாங்கினால் அதிகம்.

இருட்டுகிற நேரத்தில் தண்ணீர் லாரி வந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. லாரியின் முன்விளக்கு வெளிச்சத்தில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன, பின்னால் தெருப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். வத்சலா வளையலைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு போனாள். மெல்லும் சத்தம் இரண்டடி பின்னாலேயே வந்தது. மற்றவர்களுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

"என்ன வத்சலா, துரும்பா இளைச்சுட்டே?" என்றாள் எதிர்வீட்டு மெட்டில்டா டீச்சர். "கையில என்ன அது?"

எல்லாத் தலையும் திரும்பியது. அதே இருபது பேர். அதே இடம்.

"வளையல்... கெடச்சிடுச்சு, டீச்சர்."

"அடடே! எங்கே இருந்தது?"

சொல். சொல்லிவிடு. டிரம்மில் என்று ஒரு வார்த்தை. வத்சலா வாயைத் திறந்தாள். இருபது முகத்தையும் பார்த்தாள். நாளைக்கு இதே முகங்கள் தன் முதுகுக்குப் பின்னால் என்ன பேசும் என்று நினைத்தாள். அவ்வளவுதான். அவளை அறியாமலே பொய் வந்துவிட்டது. வழவழவென்று, எச்சில் ஊறி, சிரமமே இல்லாமல் வந்தது.

"கன்னியம்மா வீட்டுலதான். அவ பொண்ணு கொண்டாந்து குடுத்துட்டுப் போனா."

"பாத்தியா! மந்திரிச்ச அரிசி பொய் சொல்லுமா?" என்று பக்கத்து வீட்டு எல்லம்மா குடத்தைத் தட்டினாள். யாரோ செத்தவளைக் காறித் துப்பினார்கள்.

பின்னால் வந்த சத்தம் நின்றது.

லாரியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும்.

பிறகு மறுபடியும்.

நற. நற. நற.

இப்போது மெட்டில்டா டீச்சருக்கும் கேட்டது. எல்லம்மாவுக்கும் கேட்டது. எல்லாரும் வத்சலாவையே பார்த்தார்கள். அவர்கள் ஏன் வாயைப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. தாடையில் கைவைத்தாள். தாடை அசைந்துகொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். கையையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு அது மென்றது. நிதானமாக. ஒரே சீராக.

"வத்சலா... வாயில என்னம்மா? துப்பு! துப்பிடு!"

குனிந்து கையில் துப்பினாள். வெள்ளையாக, உதிரி உதிரியாக விழுந்தது. விளக்கு வெளிச்சத்தில் கையை நீட்டிப் பார்த்தாள்.

அரிசி இல்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் ரத்தம் இருந்தது.

குடங்கள் உருண்டன. பெண்கள் பின்னால் பின்னால் போனார்கள். வத்சலா அலறப் பார்த்தாள். அலற வாய் திறக்க வேண்டுமே. தாடை இன்னும் மென்றுகொண்டிருந்தது. இனி மெல்லுவதற்கு முன்பற்கள் இல்லை. அது பின்பற்களுக்குப் போயிற்று.