பன்னிரண்டாவது ஜோடிக் கால்

நேற்று அவள் எண்ணியபோது பதினொரு ஜோடிக் கால்கள்தான் இருந்தன. இன்று பன்னிரண்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உருப்பெருக்கியில் குனிந்தாள். தட்டில் கிடந்தது ஸ்பிரிட்டில் பதப்படுத்திய உயிரி; மழைக்குட்டையில் பிறந்து, குட்டை வற்றும்போது காய்ந்த சேற்றில் முட்டையை விட்டுச் சாகிற குட்டி ஜீவன். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம், டைனோசருக்கும் மூத்த வம்சம். அந்த வம்சத்தில் சில சிப்பி மாதிரி இரட்டை ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும், சில வெற்றுடம்போடு மல்லாந்து நீந்தும். எது எந்தக் கிளை என்று பிரிப்பதுதான் அருங்காட்சியகத்தில் அவள் வேலை. இது எந்தக் கிளையிலும் அடங்கவில்லை. புது இனம் என்று அவள் அடித்துச் சொன்னாள். எதிர் மேஜைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

அவர்தான் தட்டிலிருந்ததை மாற்றி வைத்திருக்கிறார். வேறு யாரிடம் சாவி இருக்கிறது?

சேமிப்பறையிலிருந்து எப்போதும் வரும் ஸ்பிரிட் நெடியில் இன்று ஈரச்சேற்று வாடை கலந்திருந்தது. ஏசியின் உறுமலுக்கு அடியில், யாரோ ஈரத்துணியை மெல்ல இழுப்பதுபோல் ஒரு சத்தம் வந்து வந்து நின்றது. ஊசியால் உயிரியைப் புரட்டினாள். அடியில், கண்ணாடித்தாள் போல ஒரு தோல். முதுகு நெடுகக் கிழிந்திருந்தது. அந்தத் தோலின் கால்களை எண்ணினாள்.

பதினொரு ஜோடி.

வருஷக்கணக்காக ஸ்பிரிட்டில் ஊறிய பிணம் தோலுரிக்குமா? இல்லை. இதுவும் அவர் வேலைதான். கைபேசியை எடுத்தாள்.

“சார், என் தட்டுல கை வச்சீங்களா?”

“நான் எதுக்கும்மா வைக்கப்போறேன்? லீவுல இருக்கேன்.” வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குரல் கொழகொழத்தது.

“பொய் சொல்லாதீங்க சார். உங்க செருப்பு வாசல்லதான் கிடக்கு.”



சேமிப்பறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே கதவைத் தள்ளினாள்.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எப்போதும் போடும் அதே கட்டம்போட்ட சட்டை.

“சார்?”

அசையவில்லை.

கிட்டே போனாள். சட்டை கிழிந்திருந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை. சட்டைக்குக் கீழே முதுகும்.

உள்ளே எதுவும் இல்லை.

வெறும் தோல். பளபளவென்று. ஈரமாக. மூக்குக்கண்ணாடி மட்டும் நழுவாமல் அப்படியே.

அவள் கை தன்னையறியாமல் நீண்டது.

“தொடாதீங்கம்மா,” என்றது காதோரக் குரல், பரிவோடு. “இன்னும் காயல.”