ஏரிக்கரையில் ஒருத்தி

“மலர் அக்கா, என்ர படத்துக்குள்ள ஆரோ ஒரு பொம்பிளை வந்து நிக்கிறா” என்று தொலைபேசியில் ஸுல்பா டீச்சர் அழாக்குறையாகச் சொன்னார்.

ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் இராசமலர் தேநீரை ஆறுதலாகக் குடித்து முடித்தார். அவருடைய ஆட்டோக்காரன் சதீசுக்கோ அவசரம் கூடப் பிறந்தது. அவர் செருப்பைப் போடுமுன்னே வண்டியைத் திருப்பிவிட்டான்.

வன்னியில் தண்ணீரூற்று என்ற ஊரில் டீச்சரின் வீடு. புத்தளத்தில் அகதியாக இருந்து திரும்பியவர். கணவரும் போனபின் தனியாள். பேச ஆளில்லாத பின்னேரங்களில், கைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் கற்றுத்தருவதைப் பார்த்து எண்ணெய் வர்ணத்தில் ஏரி ஒன்று வரைந்திருந்தார். மலை, மூடுபனி, ஆளில்லாத கரை. அந்தக் கரையில்தான் இப்போது அந்தப் பெண் ஒரு கூடையோடு நின்றாள்.

“நானே இவாவைப் படத்தில கீறிப்போட்டு மறந்திட்டனாம் எண்டு மகன் அஸாம் சொல்றான். புத்தளத்துக்குக் கொண்டுபோகப் பெட்டியோட வந்து நிக்கிறான். இந்த வீட்டை விட்டால் எனக்கு வேற என்ன இருக்கு, அக்கா?”

“அன்ரி, மகன்தான் செய்திருக்கிறான். தாயைக் கிளப்பப் பாக்கிறான்” என்று சதீஸ் கிசுகிசுத்தான்.

இராசமலர் படத்தைத் தொட்டார். ஏரி நன்றாகக் காய்ந்திருந்தது. பெண் விரலில் ஒட்டினாள். அவர் விரலை முகர்ந்து பார்த்தார்.

“வர்ணத்துக்கு என்ன எண்ணெய் கலக்கிறனீங்கள்?”

“ஆளிவிதை எண்ணெய். அதிலதான் வர்ணம் காயும். அஸாம் தேடி வாங்கித் தந்தவன். எண்ணெயை மட்டும் அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டித் திறப்பைக் கழுத்தில போட்டிருக்கிறன்.”

“இவாவை எப்ப கண்டனீங்கள்?”

“போன மாதம் வவுனியா கிளினிக்குக்குப் போய் வந்த அண்டு. மகனுக்கு மட்டும்தான் சொன்னனான். கோழிக்குத் தீன் போட வீட்டுத் திறப்பைப் பக்கத்து வளவு வீரபாகுவிட்டக் குடுத்திட்டுப் போனனான். அவர் குசினியைத் தாண்டாத மனிசன்.”

இராசமலர் அஸாமையும் வீரபாகுவையும் கூடத்துக்கு அழைத்தார்.

“இது தேங்காயெண்ணெயில கலந்த வர்ணம். ஒரு மாதமாகியும் காயேல்லை. டீச்சர் எண்டால் அலுமாரியைத் திறந்திருப்பா. அஸாமுக்கும் எந்த எண்ணெய் வேணுமெண்டு தெரியும். கீறினவர் குசினியில சமையலுக்கு வைச்ச போத்தலை எடுத்திருக்கிறார். இனிக் கூடையைப் பாருங்கோ. தலையிலயும் இல்லை, இடுப்பிலயும் இல்லை. நெத்தியில கயிறு போட்டு முதுகில தொங்குது. வன்னியில ஆர் அப்பிடிச் சுமக்கினம்? அது தேயிலைத் தோட்டத்துக் கொழுந்துக் கூடை.”

சதீஸ் அஸாமுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“தப்புதான், டீச்சரம்மா” என்றார் வீரபாகு. அவருக்கு அறுபது வயதிருக்கும். “கோழிக்கு அரிசி எடுக்க வந்தப்ப படம் கண்ணுல பட்டுச்சு. எங்க தோட்டத்து மலைன்னே நெனச்சிட்டேன். கீழ இதே மாதிரி ஏரி. கொழுந்து நிறுக்க எங்கம்மா ராக்காயி அங்கதான் நிக்கும். எழுபத்தேழு இனக் கலவரத்துல நாங்க இங்க வன்னிக்கு ஓடிவந்தோம், அம்மா வரல. ஒரு போட்டோகூட இல்ல. நீங்க எண்ணெய் ஊத்திக் கலக்குறதப் பாத்திருக்கேன். அதான் நானும்...”

அஸாம் தாயின் முகத்தைப் பார்க்கக் கூசினான். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ, உம்மா” என்று சொல்லிவிட்டு, தாயின் உடுப்புகளுக்கென்று கொண்டுவந்த வெறும் பெட்டியைத் தூக்கிப்போய் வெளியே வைத்தான்.

டீச்சர் கழுத்துத் திறப்பைக் கழற்றி அலுமாரியைத் திறந்து, ஆளிவிதை எண்ணெய்ப் போத்தலை வீரபாகுவிடம் நீட்டினார்.

“தேங்காயெண்ணெய் காயாது, வீரபாகு. கை பட்டாலே அழிஞ்சு போயிடுவா. துடைச்சுப்போட்டு இதில கீறுங்கோ. அம்மா நிக்கட்டும்.”