திரும்பி வந்த கட்டுத்துணி

பெட்டியின் ஒட்டு பிரியவே இல்லை. ஆனாலும் அடி நனைந்திருந்தது. நாகஜோதி தொட்டு முகர்ந்து பார்த்தாள். மழைத்தண்ணீர் வாடை இல்லை. டெட்டாலும் துருவும் கலந்த மாதிரி ஒரு வாடை.

ராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனியிலிருந்து சூடானுக்குப் போன சரக்கு அது. அங்கே உள்நாட்டுச் சண்டையில் ராணுவம் அது போய்ச் சேரவேண்டிய ஊரைக் கைவிட்டுப் பின்வாங்கியது. எதிர்ப்படை புகுந்து பாதையை அடைத்ததில் பெட்டிகள் துறைமுகத்தோடு திரும்பிவிட்டன. அந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் அவள் புருஷன் சிவபாண்டிக்கு ஜெனரேட்டர் ஓட்டுகிற வேலை. ஊர் விழுந்ததிலிருந்து போன் இல்லை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

"நனைஞ்சதையெல்லாம் அவுத்து வெளுக்கப் போடுங்க" என்று முதலாளி வைகுண்டராஜ் சொல்லிவிட்டுப் போனார்.

துணி சுற்றுகிற பெண்களுக்கு அது ஆகாத காரியம். சுற்றிய கட்டுத்துணியை அவிழ்த்தால் எங்கோ ஒருவருக்குப் புண் திறக்கும் என்பார்கள்.

"அதெல்லாம் பாத்தா பொழைக்க முடியுமாட்டி? நான் தாழ்வாரத்துல அவுக்கேன், நீ உள்ள பாரு" என்று கூட வேலை பார்க்கிற கருத்தம்மா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மலைப்பக்கம் கறுத்து, மழை பிடித்து, கரண்டும் போனது. தறிச்சத்தம் அடங்கிய பிறகு, தகரக் கூரைக்குக் கீழே, அடுக்கியிருந்த பெட்டிகளுக்குள்ளிருந்து யாரோ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி ஒரு இரைச்சல் மெல்ல மெல்லப் பரவி வந்தது. காற்றுதான் என்று சொல்லிக்கொண்டு நாகஜோதி ஒரு சுருளை அவிழ்த்தாள். முதலில் வெள்ளை. பிறகு மஞ்சள். பழுப்பு. அப்புறம் சிவப்பு. ஈரமாக. சூடாக.

பதறிப்போய்த் திருப்பிச் சுற்றினாள். இறுக்க இறுக்க, உள்ளே துடித்தது. கை தளர்ந்தால் துடிப்பும் தளர்ந்தது. ஐயோ, அவர்தான்! நெஞ்சோடு சேர்த்து இறுக்கினாள். துடிப்பு சீரானது. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"ஜோதி."

தாழ்வாரத்திலிருந்து. சிவபாண்டியின் குரல்.

அப்படியானால் கையில் இருப்பது வேறு யாரோ. சுருளைக் கீழே வைத்தாள். அது உருண்டு அவிழ்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

கருத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் அவிழ்த்துப் போட்ட துணி ஆளுயரத்துக்குக் குவிந்து, சிவந்து, மூச்சாய் ஏறி இறங்கியது.

"ஜோதி, இறுக்கிச் சுத்து..."

"சுத்துறேன், இந்தா சுத்துறேன்!"

குவியலுக்குள் கையை விட்டு முனையைத் தேடினாள். இழுத்தாள். துணி வந்துகொண்டே இருந்தது. முனை இல்லை. இன்னும் இழுத்தாள். அவள் இழுக்க இழுக்க, துணி சூடு ஆறிக்கொண்டே வந்தது.