அச்சு பூஜ்யம்

ஆர்விட் லுண்டீன் அந்த வீட்டு வாசலில் பிக்கப் வண்டியை நிறுத்தியபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. அதற்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வடக்கு மினசோட்டாவில் ஜனவரிச் சூரியன் கடமைக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். வீட்டுக்குப் பின்னால் முப்பதடி தள்ளி, தண்டவாளம் பிடுங்கப்பட்ட பழைய ரயில் மேடு பனிக்கடியில் நீண்டு கிடந்தது. ஆர்விட் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பத்தொன்பது வருஷமாக அவர் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

முப்பத்தாறு வருஷம் கூட்ஸ் வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் காதுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. ரயில்காரர்கள் ரேடியோவில் பேசுவதையாவது கேட்கலாம் என்றால், அந்தப் பேச்சைப் பிடித்துத் தரும் புது ஸ்கேனர் அறுநூறு டாலர், யானை விலை. அப்போதுதான் ஹார்டுவேர் கடைப் பலகையில் ஒரு சீட்டைப் பார்த்தார். 'பழைய கை ஸ்கேனர். நாற்பது டாலர். சோதித்துப் பார்த்து வாங்கலாம். வெர்னா.' கீழே ஒரு சாலை எண். அந்தச் சாலை இந்த மேட்டை ஒட்டிப் போகும் என்று தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டார். வந்துவிட்டுத் திரும்பிப் போக வீம்பு இடம் கொடுக்கவில்லை.

தண்டவாளமே இல்லை, இனி என்ன பயம் என்று சொல்லிக்கொண்டார்.

அவர் பயந்தது ஒரு பொய்க்கு. பத்தொன்பது வருஷத்துக்கு முன் மைலோ பெசோனன் என்ற பாதைத் தொழிலாளி இதே தடத்தில் ஐம்பதாம் மைலில், மைல் எண்கள் இறங்குகிற திசையில் போன அவருடைய வண்டியில் மாட்டி இழுபட்டுப் போனான். தடத்தோரம் ஒரு எச்சரிக்கைப் பெட்டி உண்டு. வண்டி கடந்ததும் அச்சுகளை எண்ணி, வேகத்தை அளந்து, பதிவு செய்த ஆண் குரலில் ரேடியோவில் சொல்லும். கோளாறு இல்லையென்றால் 'பழுது இல்லை, போகலாம்' என்று முடிக்கும். அன்று நாற்பத்தோராம் மைல் பெட்டி 'இழுபடும் பொருள்' என்றது. உடனே நிறுத்தி, இறங்கி, வண்டி நெடுக நடந்து பார்க்க வேண்டும் என்பது விதி. தொங்குகிற பனிக்கட்டி பட்டாலும் அந்தப் பெட்டி அலறும். வெளியே அப்படியொரு குளிர், நூற்றுப் பத்து வேகன், வேலை முடிகிற நேரம். பனிக்கட்டிதான் என்று ஆர்விட் ஓட்டிக்கொண்டே போனார். விசாரணையில் 'எச்சரிக்கை எதுவும் கேட்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். எஞ்சினில் கூட இருந்த டுவேனும் அப்படியே எழுதினான். டுவேன் செத்து ஆறு வருஷம் ஆகிறது. இனி இது தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்பதே ஆர்விட்டின் நிம்மதி.

கதவைத் திறந்தவள் அறுபது வயதுக்காரி, சிரித்துப் பழகாத முகம்.

"ஸ்கேனருக்கா? பூட்ஸக் கழட்டிட்டு வாங்க. தரை தொடச்சிருக்கேன்."

சமையலறையில் காபி தீய்ந்த வாடை. மேஜைமேல் ஸ்கேனர் இருந்தது. எதிரே பெரிய ஜன்னல், அதற்கு வெளியே அந்த மேடு. ஆர்விட் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"போலீஸ், தீயணைப்பு எல்லாம் டிஜிட்டலுக்குப் போய்ட்டாங்கம்மா. இதுல அவங்க பேச்சு ஒண்ணும் கேக்காது. நாப்பது டாலர் ஜாஸ்தி."

"ரயில் கேக்கும். ரயில்காரன் இன்னும் பழைய மாதிரிதான் பேசுறான். உங்களுக்குத் தெரியாததா?"

ரயில்காரன் என்று அவளிடம் சொன்னோமா? சொன்ன நினைவில்லை. எதற்கு இவளிடம் வாய் கொடுக்க வேண்டும் என்று வேலையில் இறங்கினார். பேட்டரி மூடியைக் கழற்றி முகர்ந்தார். பச்சைக் களிம்பு பூக்கவில்லை. ஆன்டெனாவை அசைத்துப் பார்த்தார், ஆட்டமில்லை. இரைச்சல் அடக்கும் குமிழைத் திருகினால் கரகரப்பில்லை. எல்லாப் பொத்தானும் அமுங்கி எழுந்தன. வானிலை அறிக்கை அலைவரிசையை வைத்தார். மைனஸ் இருபத்தெட்டு என்று காதோரம் வந்து சொன்னதுபோலக் கேட்டது.

"எப்படி?" என்றாள் வெர்னா.

"நல்லா வச்சிருக்கீங்க."

"கேக்குறது சுத்தமா கேக்குதா? தப்பு தப்பா எதையாவது காட்டுமா?"

"சேச்சே! சும்மா சொல்லக் கூடாது, நல்ல காது இதுக்கு. இதுல ஒண்ணு கேட்டா அது கேட்டதுதான்."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இது என் வீட்டுக்காரர் மைலோவோடது. நான் வெர்னா பெசோனன்."

ஆர்விட் ஸ்கேனரை மேஜைமேல் வைத்துத் தள்ளினார்.

"அன்னைக்கு இது இதே மேஜைமேலதான் இருந்துச்சு. 'இழுபடும் பொருள்'னு சொன்னதை என் ரெண்டு காதால கேட்டேன். வண்டி இப்ப நிக்கும்னு ஜன்னல்கிட்ட நின்னேன். நிக்கல. இது முப்பத்தெட்டாம் மைல். நீங்க சும்மா பறந்துட்டுப் போனீங்க. நான் உங்களுக்குக் கையாட்டினேன்யா! அடியில யாரு இருக்கான்னு தெரியாம கையாட்டினேன்!"

"ஏம்மா, அது..."

"விசாரணையில போய்ச் சொன்னேன். நீங்க எழுதிக் கொடுத்ததப் படிச்சுக் காட்டினாங்க. 'உன் ஸ்கேனர் பழசு, அதுல கேட்டத நம்ப முடியாது'ன்னு என்னை அனுப்பிட்டாங்க. இப்ப என்ன சொன்னீங்க? நல்ல காதுன்னீங்க."

ஸ்கேனர் தானாகவே அலைவரிசைகளைத் தேட ஆரம்பித்தது. எண்கள் ஓடின. ஓரிடத்தில் நின்றது.

"மைல் நாற்பத்தொன்று. அச்சு பூஜ்யம். வேகம் மூன்று மைல். இழுபடும் பொருள்."

அதே குரல்.

நாற்பத்தோராம் மைல் பெட்டியைக் கழற்றி நாலு வருஷம் ஆகிறது. மூன்று மைல் என்பது ஆள் நடக்கிற வேகம்.

"தினமும் இந்நேரம் பேசும்," என்றாள் வெர்னா. "நாப்பத்தொண்ணத் தாண்டி வந்ததே இல்ல. ஒரே ஒரு வார்த்தை எனக்கு வேணும். அன்னைக்கு உங்களுக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

"இல்லம்மா. சத்தியமா கேக்கல."

"மைல் நாற்பது. அச்சு பூஜ்யம். வேகம் பன்னிரண்டு மைல். இழுபடும் பொருள்."

நாற்பதாம் மைலில் எச்சரிக்கைப் பெட்டி என்றைக்குமே இருந்ததில்லை.

"உசுரு முப்பத்தஞ்சாம் மைல் வரைக்கும் இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். நாப்பத்தொண்ணுல நிறுத்தியிருந்தா?" அவள் குரல் தாழ்ந்தது. "கேட்டுச்சா?"

"ரேடியோ வேலை செய்யல. டுவேனக் கேட்டுப் பாருங்க."

"செத்தவனச் சாட்சிக்குக் கூப்பிடுறியா? வெக்கமாயில்ல உனக்கு?"

"மைல் முப்பத்தொன்பது. அச்சு பூஜ்யம். வேகம் நாற்பது மைல். இழுபடும் பொருள்."

காபி வாடை போய், பிரேக் கட்டை கருகும் நாற்றம் அறையை நிறைத்தது. ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. முதுகுக்குப் பின்னால், தண்டவாளமில்லாத மேட்டில், கனமான ஏதோ ஒன்று பனியை அரைத்துக்கொண்டு வந்தது.

திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

"கடைசியாக் கேக்கறேன்," என்று கிசுகிசுத்தாள். "ஆமான்னு சொல்லு. நான் உன்ன எங்கயும் இழுக்க மாட்டேன். இவர் போய்ப் படுக்கட்டும். கேட்டுச்சா?"

ஆமாம் என்ற சொல் தொண்டைவரை வந்தது. ஓய்வூதியம், ஊரில் இருந்த பெயர், விடைபெறும் விருந்தில் கொடுத்த கடிகாரம், எல்லாம் குறுக்கே வந்து நின்றன.

"கேக்கல."

அரைக்கும் சத்தம் நின்றது.

"மைல் முப்பத்தெட்டு. வேகம் பூஜ்யம்."

பின்கதவின் கீழ்ப்பாதியில் எதுவோ உரசியது. நிற்க முடியாத ஒருவன் தடவுகிற உயரம்.

வெர்னா எழுந்து ஸ்கேனரை அவருடைய கோட்டுப் பைக்குள் திணித்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை. "கொண்டு போ. காசு வேணாம். இத்தனை வருஷம் நான் வச்சிருந்தேன், இனி நீ வச்சுக்கோ."

பூட்ஸ் கயிற்றைக்கூடக் கட்டாமல் ஆர்விட் வாசல்வழி ஓடினார். வண்டியைக் கிளப்பி, ஸ்கேனரைப் பக்கத்து இருக்கையில் எறிந்து, சாலையில் ஏறி அழுத்தினார். முதல் பாலத்தில் ஆற்றுக்குள் வீசிவிடலாம். கிழவி உளறுகிறாள் என்று ஊரில் சொல்லிவிடலாம். சாலை நேராக, வெள்ளையாக, ஆளரவமின்றிக் கிடந்தது. மூன்று மைல் போனதும்தான் மூச்சு சீராக வந்தது.

"மைல் முப்பத்தைந்து. அச்சு இரண்டு. வேகம் ஐம்பது மைல். இழுபடும் பொருள்."

அச்சு இரண்டா?

முன் சக்கரங்களுக்கு ஒன்று. பின் சக்கரங்களுக்கு ஒன்று.

அவர் வண்டிதான்.

இந்த முறை ஆர்விட் நிறுத்தினார். கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. கதவைத் திறந்துபோட்டு இறங்கி, விதியில் சொன்னபடி, வண்டி நெடுக நடந்தார். முழங்காலிட்டு அடியில் பார்த்தார். ஒன்றுமில்லை. பின்னால் வந்து பார்த்தார். வந்த வழியெல்லாம், இரண்டு சக்கரத் தடங்களுக்கும் நடுவே, ஒரு ஆள் அகலத்துக்குப் பனி உழப்பட்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை அந்தத் தடம் போனது.

"கேட்டுச்சு!" என்று கத்தினார் ஆர்விட். அழுகை வெடித்து அப்படியே பனியில் முழங்காலிட்டார். "எனக்குக் கேட்டுச்சு மைலோ! பனிக்கட்டின்னு நெனச்சேன். குளிருக்குப் பயந்து எறங்கல. எனக்குக் கேட்டுச்சுய்யா!"

வெட்டவெளியில் அதைக் கேட்க ஒருவருமில்லை. கேட்க வேண்டியவள் மூன்று மைலுக்கு அப்பால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் போய் அவளிடமே சொல்லிவிடுகிறேன், இப்போதே போகிறேன் என்று புலம்பிக்கொண்டே அவர் பனியில் கையூன்றி எழுந்தார்.

எழும்போதுதான் கவனித்தார். உழுத தடம் வண்டியின் பின்னால் முடியவில்லை. அடியில் புகுந்து, வலப்பக்கமாக வளைந்து வெளியே வந்து, பயணி ஏறும் கதவுக்குக் கீழே முடிந்திருந்தது.

வண்டி அந்தப் பக்கமாக மெல்லத் தாழ்ந்தது, ஆள் ஏறி உட்கார்ந்தால் தாழ்வது போல.

உள்ளிருந்து ஸ்கேனர் பேசியது.

"அச்சு இரண்டு. இழுபடும் பொருள் இல்லை. பழுது இல்லை. போகலாம்."